வேப்பெண்ணெய் நாய்க்கு ஆகும், பூனைக்கு ஆகாது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு உடம்பெல்லாம் உண்ணி. மாட்டுக்குத் தெளிக்க பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி எல்லாம் அரைத்துக் கரைத்தது மிச்சம் இருக்கிறது. அதையே நாய்க்கும் தெளிக்கலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: தெளிக்காதீர்கள். அது 300 கிலோ மாட்டுக்குச் சொன்ன கரைசல். 15 கிலோ நாய் உடம்பை நக்கியே காயவைத்துவிடும். பூண்டு வயிற்றுக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். உண்ணிச்செடி இலை ஈரலைக் கெடுக்கும். மாடே அதை மேய்ந்தால் மஞ்சள் காமாலை வரும்.

வேப்பெண்ணெயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்கு பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய். நேராகப் பூசினால் தோல் சிவந்து எரியும். முதலில் தொடையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால், 15 கிலோ நாய்க்குக் கலவை இரண்டு டீஸ்பூன் போதும். விரலிடுக்கு, காதுமடல் வெளிப்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், வால் மூட்டு, இவ்வளவுதான் இடம். இரண்டு மணி நேரம் நக்க விடாமல் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள், பிறகு குளிப்பாட்டிவிடலாம். வாரம் இரு முறை. சினை நாய்க்கும் குட்டிகளுக்கும் வேண்டாம்.

இது உண்ணியை அண்டவிடாமல் ஓரளவு தடுக்கும். ஏற்கெனவே கடித்துக்கொண்டிருப்பதைக் கொல்லும் என்று நம்ப வேண்டாம். அதை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் விடுவதும் கூடாது.

பலருக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. நாய் உண்ணி வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு எத்தனை பூசினாலும் அங்கிருந்து ஏறி வந்துகொண்டே இருக்கும். விரிசலைச் சிமெண்டு வைத்து அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

கேள்வி: பூனைக்கும் இதே கலவை பூசலாமா? பாதி அளவு போதுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கால் அளவும் வேண்டாம். பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தோலில் பூசியது எதுவாக இருந்தாலும் வயிற்றுக்குள் போய்விடும். அதோடு, பல மருந்துப் பொருள்களைப் பிரித்து வெளியேற்ற நாய்க்கும் நமக்கும் ஈரலில் உள்ள ஒரு நொதி வழி பூனைக்குச் சரியாக வேலை செய்யாது. வேப்பெண்ணெய் பூசிய பூனை எச்சில் வடித்து, நடுங்கி, வலிப்பு வரை போகலாம். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில் எல்லாம் இதே பட்டியல்தான். நாய்க்கு வாங்கிய உண்ணிச் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் என்று போட்டிருந்தால் அதையும் பூனைமேல் விடக் கூடாது; உயிரே போகும்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் வைத்துக் கழுவி, துவட்டி, சூடாக வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பூனைக்கு நிதானமான வழி, பல் நெருக்கமான சீப்பு. தெள்ளுப்பூச்சியைச் சீவிச் சீவி சோப்பு நீரில் தட்டுங்கள்.

கேள்வி: தெருவில் எடுத்த நாலு மாதக் குட்டிக்குச் சொறி. குப்பைமேனி இலை, உப்பு, மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எந்தச் சொறி என்று தெரியாமல் எதையும் அரைக்காதீர்கள். காதுமடல் ஓரத்தை இரு விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாகத் தூக்கிச் சொறிய ஆரம்பித்தால், பெரும்பாலும் சிரங்குப் பூச்சிதான். உங்கள் கையிலும் அரிப்பு வரலாம். கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் முன்னங்காலிலும் முடி மட்டும் கொட்டி, அரிப்பு அதிகம் இல்லையா? அது வேறு பூச்சி. குட்டியின் எதிர்ப்புச் சக்தி தேறும்போது ஓரிரு இடத்தில் உள்ளது பெரும்பாலும் தானே மறையும். வட்ட வட்டமாக இருந்தால் படர்தாமரை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

குப்பைமேனியும் உப்பும் வெடித்த தோலில் பட்டால் குட்டி துடிக்கும், நக்கினால் வயிறும் கெடும். அதற்குப் பதில் இரண்டு கைப்பிடி வேப்பிலையை 3 லிட்டர் நீரில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து வடிகட்டி, குளிப்பாட்டிய பிறகு கடைசித் தண்ணீராக ஊற்றலாம். அரிப்பு தணியும். பூச்சியைக் கொல்ல மருத்துவர் தரும் மாத்திரைதான்.

வறண்ட தோலுக்குச் சோற்றுக் கற்றாழை நல்லது. ஆனால் வெட்டிய மடலைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்து மஞ்சள் பால் முழுதும் வடிந்த பிறகு, தோல் சீவி, சோற்றை நீரில் அலசுங்கள். அந்த மஞ்சள் பாலை நக்கினால் பேதிதான். பட்டறையில் பழைய இன்ஜின் ஆயில் வாங்கித் தெருநாய்க்குப் பூசும் புண்ணியவான்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மருந்தல்ல, விஷம்.

கேள்வி: நாய்க்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுக்கிறோம். பப்பாளி இலைச் சாறும் கொடுக்கலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இரண்டையும் நிறுத்தி ரத்தம் பாருங்கள். நாய்க்கு ஈறு வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் காபி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். உண்ணி கடித்துப் புகுந்த ஒட்டுண்ணி சிவப்பணுவை உடைப்பதால் வரும் மஞ்சள் அது. ஈரலுக்குக் கொடுக்கும் கீழாநெல்லி அந்த ஒட்டுண்ணியைத் தொடாது. எலிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அது சிறுநீர் வழியாக உங்களுக்கும் ஒட்டும், கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பப்பாளி இலைச் சாறு மனிதருக்கு டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுவைக் கூட்டுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. நாய்க்கு எர்லிக்கியா (உண்ணி பரப்பும் இன்னொரு கிருமி) என்று தெரிந்தால் மருத்துவர் கொடுப்பது டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி, வழக்கமாக 28 நாள். நாலு நாளில் எழுந்து வாலாட்டுகிறதே என்று பாதியில் விடுவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு.

கேள்வி: ஆண் பூனை மணல் தட்டில் முக்குகிறது, கத்துகிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் விட்டோம். நெருஞ்சில் கஷாயம் தரலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: மணலைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் இது மலச்சிக்கல் அல்ல, சிறுநீர் அடைப்பு. குறியை அடிக்கடி நக்கும், அடிவயிறு கல் போல இருக்கும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகியது. மணல் போன்ற சிறு படிகங்களும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். நெருஞ்சிலும் வாழைத்தண்டுச் சாறும் சிறுநீரைப் பெருக்கும். வாசல் மூடிய பையில் மேலும் நீர் ஏறினால் பை வெடிக்கலாம். அதற்கு முன்பே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கலாம். மருத்துவமனையில் குழாய் விட்டு எடுக்க வேண்டும், இன்றே. தேறிய பின் ஈர உணவு, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்.

நிஜமான மலச்சிக்கலுக்கு இசப்கோல் நல்லது: பூனைக்குக் கால் டீஸ்பூன், நீர் கலந்து குழைத்த உணவில். நீரில்லாமல் போட்டால் இறுகி இன்னும் அடைக்கும்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே என்ன தரலாம்?
– வாசகர், மதுரை

பதில்: மஞ்சள் பூசணி. தோலும் விதையும் நீக்கி வேகவைத்து மசித்தது, 10 கிலோ நாய்க்கு இரண்டு டேபிள்ஸ்பூன், பூனைக்கு ஒரு டீஸ்பூன், குழைந்த சாதத்தோடு. உப்பும் வெங்காயம் போட்ட தாளிப்பும் கூடாது. வாந்தியும் சேர்ந்து, சோர்ந்து படுத்து, ரத்தமும் கடும் நாற்றமுமாகப் போகும் குட்டிக்கு இது பொருந்தாது. அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். வாயில் கஷாயம் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம். நரம்பில் நீர் ஏற்ற வேண்டும்.

கேள்வி: குடற்புழுவுக்குக் கொட்டைப்பாக்கு இடித்துத் தரலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பாக்கில் உள்ள அரிகோலின் நாயின் நாடாப்புழுவை வெளியேற்றும் என்பது உண்மை, ஒரு காலத்தில் நியூசிலாந்தில் நாய்களுக்கு அதைத்தான் கொடுத்தார்கள். எச்சில் வடிந்து, வயிறு முறுக்கி, பேதியாகும். இடித்த பாக்கில் அளவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, பூனைக்கோ மூச்சே திணறும். இன்று பிராசிகுவான்டல் மாத்திரை இருக்கும்போது இந்தச் சித்திரவதை எதற்கு? ஆசனவாயில் அரிசி மணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது, ஆகவே தெள்ளையும் ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்ப வரும்.