ஹோமர் காசுக்கு 2 லட்சமா? முதல்ல பணத்தை அனுப்பாதீங்க

கேள்வி: கப்பல்ல வேலை பார்த்த சித்தப்பா கிரீஸ்லேர்ந்து கொண்டு வந்த காசு ஒண்ணு எங்க வீட்ல இருக்கு. ஒரு பக்கம் தாடி வச்ச ஹோமர் (பழைய கிரேக்கக் கவிஞர்), மறுபக்கம் பழங்காலக் கப்பல், 50 டிராக்மா (யூரோவுக்கு முன்னால கிரீஸ்ல இருந்த பணம்), வருஷம் 1988. வாட்ஸ்அப்ல ஒருத்தர் 2 லட்சம் தர்றேங்கறார், ஆனா ரிசர்வ் பேங்க் சர்டிபிகேட்டுக்கு 3,500 ரூபா முதல்ல அனுப்பணுமாம். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீங்க. அது 1986லேர்ந்து 2000 வரைக்கும் அடிச்ச, அங்க கடை கண்ணில புழங்கின சில்லறைங்க, ஹோமர் மூஞ்சி இருக்குங்கறதுக்காக நினைவு நாணயம் ஆயிடாது, அரிஸ்டாட்டிலே 5 டிராக்மால இருந்தவர்தான். தங்கம் மாதிரி மினுங்கறது செம்பும் அலுமினியமும் கலந்தது. யூரோவுக்கு மாறினப்ப 340.75 டிராக்மாவுக்கு 1 யூரோன்னு வச்சாங்க, அந்தக் கணக்குல உங்க காசு 15 சென்ட்கூட முழுசா வராது. அதையும் இப்ப மாத்த முடியாது, 2004 மார்ச் 1ஓட கிரீஸ்ல கதவை சாத்திட்டாங்க. ஜெர்மனில பழைய மார்க்கை இன்னிக்கும் வாங்கிக்கறாங்க, இவங்களுக்கு என்ன அவசரமோ! சேகரிக்கறவங்ககிட்ட குடுத்தா டீ செலவுக்குத் தேறும்.

இப்ப அந்த ஆளு விஷயம். பழைய காசு விக்க, வாங்க ரிசர்வ் பேங்க் யார்கிட்டயும் கட்டணமோ கமிஷனோ கேக்கறதில்ல, வேற யாருக்கும் அந்த அனுமதி தரவும் இல்லன்னு 2021லயே அறிக்கை விட்டாச்சு. 3,500 கட்டினீங்கன்னா அடுத்து ஜிஎஸ்டி, அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் கூரியர்னு கறந்துட்டே இருப்பான். நெஜமா வாங்கறவன் ரெண்டு பக்க போட்டோவும் எடையும் கேப்பான், உங்ககிட்ட முன்பணம் கேக்க மாட்டான். ஏற்கெனவே கட்டிட்டீங்கன்னா உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க. பழைய காசுக்கு லட்சம் தர்றோம்னு வர்ற விளம்பரங்களை ரிப்போர்ட் பண்ணினா "விதிமீறல் இல்லை"ன்னு பதில் வருது, என்னத்த சொல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் வேற கணக்கு. சித்தப்பா பெட்டில சோஃபக்கிளீஸ், யூரிபிடீஸ்ங்கற பழைய கிரேக்க நாடக ஆசிரியர்கள் பேர்ல 10 யூரோ வெள்ளிக்காசு இருக்கான்னு பாருங்க. அதுதான் சேகரிக்கறவங்களுக்குன்னே கிரீஸ் அடிச்சது, 925 வெள்ளி (அதாவது 92.5 சதவீதம் வெள்ளி), எடை சுமார் 34 கிராம், அதனால சேகரிக்கறவங்க குடுக்கற விலை எவ்வளவு சரிஞ்சாலும் அதுல இருக்கற வெள்ளியோட மதிப்பு நிக்கும். ஆனா 10 யூரோன்னு போட்டிருக்கேன்னு பாரிஸ்ல போய் நீட்ட முடியாது, கிரீஸுக்குள்ள மட்டும்தான் செல்லும், 2 யூரோ நினைவு நாணயம்தான் யூரோ நாடுகள் எல்லாத்துலயும் செல்லும். கூட வந்த டப்பாவையும் சர்டிபிகேட்டையும் தூக்கிப் போட்றாதீங்க, கறுத்திருந்தாலும் புளி போட்டு தேச்சிராதீங்க, தேச்ச காசுன்னு தெரிஞ்சா வெள்ளி விலைக்கு மேல ஒருத்தனும் தர மாட்டான்.