அஹ்மெதா: மலையிலிருந்து இறங்கியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காக்கசஸ் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். என் மகள் ஜார்ஜிய நாட்டின் தலைநகர் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். ஜூலையில் தோழிகளோடு துஷேத்தி மலைக்குப் போக வேண்டும் என்கிறாள். போகும்போது பான்கிசி பள்ளத்தாக்கில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். இணையத்தில் பான்கிசி என்று தேடினாலே தீவிரவாதம் என்றுதான் வருகிறது. பிள்ளையை அனுப்பலாமா?

இன்னொரு சந்தேகமும் உண்டு. துஷேத்தி, பான்கிசி இரண்டும் அஹ்மெதா என்ற ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் நடுவில் பெரிய மலைத்தொடர் ஓடுகிறது. துஷேத்தி அதற்கு அந்தப் பக்கம், ரஷ்ய எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. பனிக்காலம் முழுக்கப் பாதையும் மூடிவிடுமாம். இது எப்படி ஒரே மாவட்டம் ஆனது?

ஒரு வாசகர், ஈரோடு
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வியில் உள்ள பயம் பெருமளவு குறையும்.

வரைபடத்தை மறுபடி எடுத்து ஆறுகளைப் பாருங்கள். அலஸானி என்ற பெயரை மலையின் இரண்டு பக்கமும் பார்ப்பீர்கள். துஷேத்தியில் பிரிக்கிதி அலஸானி, துஷேத்தி அலஸானி என்று இரண்டு ஆறுகள். அவை ஒன்றுசேர்ந்து ரஷ்யாவின் தாகெஸ்தானுக்குள் இறங்கி, சுலாக் ஆற்றில் கலந்து காஸ்பியன் கடலுக்குப் போகின்றன. மலைக்கு இந்தப் பக்கம் ஓடுவது பெரிய அலஸானி. அது பான்கிசி வழியாக இறங்கி, கிழக்கு ஜார்ஜியாவில் இருக்கும் ககேத்தி பகுதியின் திராட்சைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, அஸர்பைஜானுக்குள் போய் குரா ஆற்றோடு சேர்ந்து அதே காஸ்பியனை அடைகிறது. தண்ணீர் போகும் திசையை மட்டும் பார்த்தால் துஷேத்தி தாகெஸ்தானோடுதான் சேர வேண்டும். அதை ஜார்ஜியப் பக்கம் கட்டி வைத்திருப்பவை செம்மறி ஆடுகள்.

துஷேத்தியில் வாழும் துஷ் மக்கள் வலசை போகும் மேய்ச்சல்காரர்கள். கோடையில் மந்தை துஷேத்தியின் உயர்ந்த புல்வெளிகளில் மேயும். பனி விழும் முன் அபானோ கணவாயைத் தாண்டி இறங்கி, ககேத்தியின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஷிராகி சமவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும். குடும்பங்களுக்கு வீடும் இரண்டு: மேலே ஓமாலோ, தார்த்லோ போன்ற ஊர்களில் கல்வீடு, கீழே அல்வானியில் தோட்டம் துரவோடு இன்னொன்று. கணவாயின் உயரம் 2,800 மீட்டருக்கும் மேல். சோவியத் காலத்தின் பிற்பகுதியில்தான் அங்கே வண்டிப் பாதை போட்டார்கள். அதுவரை எல்லாம் கால்நடையாகவும் குதிரையிலும்தான்.

அல்வானி நிலம் அவர்களுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1659-ல் பாரசீகத்தின் சஃபாவி ஆட்சி ககேத்தியில் துர்க்மேன் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தப் பார்த்தது. துஷ், ப்ஷாவ், ஹெவ்சூர் மலைக்காரர்கள் இறங்கி வந்து பக்த்ரியோனி கோட்டையைத் தாக்கினார்கள். இது வரலாறு. வெற்றிக்குப் பரிசாக, “உன் குதிரை எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு நிலம் உங்களுக்கு” என்று சொல்லப்பட்டதாம். ஸெஸ்வா கப்ரிந்தவுலி என்ற துஷ் வீரனின் குதிரை அல்வானி முழுக்க ஓடி, கடைசியில் உயிரை விட்டதாம். இது மக்கள் சொல்லும் கதை. குதிரை ஓடியதோ இல்லையோ, மலைமேல் வாழ்பவனுக்குக் கீழே கொஞ்சம் புல் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மந்தையே மிஞ்சாது. அந்தக் கணக்குதான் இன்றைக்கும் இந்த மாவட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது.

செப்டம்பர், அக்டோபரில் அபானோ பாதையில் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். வளைவு திரும்பியதும் பாதை முழுக்க ஆடு. வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. முன்னால் வெள்ளாடுகள், பின்னால் செம்மறிக் கூட்டம், ஓரத்தில் காதறுத்த பெரிய காவல் நாய்கள், கடைசியில் குதிரையில் ஆட்டுக்காரர். குதிரையின் இரண்டு பக்கமும் தோல்பைகள் தொங்கும். துஷ் மக்களின் பேர்போன குதா பாலாடைக்கட்டி அப்படிப்பட்ட தோலில்தான் பதமாகிறது. ஆட்டுத்தோலை முழுசாக உரித்து, ரோமத்தைக் குட்டையாக வெட்டி, ரோமப்பக்கம் உள்ளே இருக்கும்படி திருப்பி, உப்பிட்ட கட்டிகளை அடுக்கி வாயைக் கட்டிவிடுவார்கள். வாரக்கணக்கில் அது அப்படியே இருக்கும். பிரிக்கும்போது மூக்கில் ஏறும் நெடிக்கு உங்கள் மகள் தயாராக இருக்கட்டும். சுவை அருமை.

பனிக்காலத்தில் மேலே தங்குபவர்கள் மிகச் சிலர். மருத்துவம் படிக்கும் பெண் என்பதால் இதைச் சொல்கிறேன்: எண்பது வயதை எட்டிய ஒரு மருத்துவர், 2,300 மீட்டருக்கு மேல் இருக்கும் போச்சோர்னா ஊரில் இருந்துகொண்டு, குதிரையிலும் பனிச்சறுக்குக் கட்டையிலும் போய் வைத்தியம் பார்த்ததை உலகப் பத்திரிகைகள் பலவும் எழுதின.

இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் மேல் அல்வானி. அங்கே பாட்ஸ் என்ற சிறிய சமூகம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் துஷேத்தியின் த்ஸோவா பள்ளத்தாக்கிலிருந்து இறங்கியவர்கள். கிறிஸ்தவர்கள், ஜார்ஜியக் குடும்பப் பெயர்கள். ஆனால் அவர்களின் தாய்மொழி, மலைக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவில் பேசப்படும் செச்சென், இங்குஷ் மொழிகளுக்கு உறவான நாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மொழி உயிரோடு இருப்பது அநேகமாக இந்த ஒரே ஊரில்தான். அதையும் வயதானவர்கள்தான் நன்றாகப் பேசுகிறார்கள். ஒரு மொழி நம் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அங்கிருந்து கொஞ்சம் வடமேற்கே பான்கிசி. தூயிசி, ஜோகோலோ, பிர்கியானி என்று சில ஊர்கள். இங்கே பெரும்பான்மை கிஸ்த் மக்கள். இவர்களும் 19-ஆம் நூற்றாண்டில் மலை தாண்டி வந்தவர்கள்தான். பேசுவது செச்சென் மொழியின் ஒரு வழக்கு, மதம் இஸ்லாம், குடும்பப் பெயரோ ‘ஷ்விலி’ என்று ஜார்ஜிய முறையில் முடியும். 1944-ல் ஸ்டாலின் செச்சென் மக்களை ஒட்டுமொத்தமாக மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியபோது, மலைக்கு இந்தப் பக்கம் இருந்ததால் கிஸ்த் மக்கள் தப்பினார்கள்.

1999-ல் இரண்டாம் செச்னியப் போர் மூண்டதும், அந்தச் செச்சென் சொந்தங்கள் ஆயிரக்கணக்கில் கணவாய்களைத் தாண்டி வந்தார்கள். பான்கிசி மக்கள் தங்கள் வீடுகளில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அகதிகளோடு ஆயுதம் ஏந்தியவர்களும் வந்தார்கள். ஆள்கடத்தல், போதைப்பொருள் எல்லாம் நடந்தன. 2002-ல் அமெரிக்காவும் ரஷ்யாவும் இந்தச் சிறிய பள்ளத்தாக்கைப் பற்றி உலகத்துக்கே எச்சரித்தன. பிறகு சிரியப் போருக்கும் சில இளைஞர்கள் போனார்கள். ஐஎஸ் என்ற தீவிரவாத அமைப்பின் தளபதியாக அறியப்பட்ட ஒருவர் பிர்கியானியில் பிறந்தவர். இதில் எதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் அகதிக்குச் சோறு போட்ட ஊர், அந்தக் காரணத்தாலேயே இருபது வருடமாக உலகத்தின் சந்தேகத்தைச் சுமப்பது அநியாயம். பிள்ளைகளைச் சிரியாவுக்குப் பறிகொடுத்த தாய்மார்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

2019 ஏப்ரலில் பான்கிசி மறுபடி செய்தியில் வந்தது. தங்கள் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டக்கூடாது என்று பிர்கியானி அருகே ஊரே திரண்டு கலவரத் தடுப்புப் போலீசை எதிர்த்தது. ஆற்றுக்காக நடந்த சண்டை அது. நம் ஊர் விவசாயிகளுக்குச் சட்டென்று புரியும்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். தாராளமாக அனுப்புங்கள். பான்கிசியில் விருந்தினர் வீடுகளைப் பெரும்பாலும் பெண்களே நடத்துகிறார்கள். வெள்ளிக்கிழமை வருகிற மாதிரி திட்டம் போட்டால், தூயிசியின் பழைய பள்ளிவாசலில் வயதான பெண்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாடும் ஸிக்ர் வழிபாட்டைப் பார்க்கலாம். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். தலைக்கு முக்காடு, நீண்ட பாவாடை அவசியம். அந்த ஊர்களுக்கு மது கொண்டுபோகக் கூடாது.

அப்புறம், துஷேத்திக்குப் பன்றி இறைச்சி எந்த வடிவிலும் கொண்டுபோகக் கூடாது. கிறிஸ்தவ ஊர்தான், ஆனால் அது பழைய விலக்கு. டப்பாவில் அடைத்த சாசேஜுக்கும் சேர்த்துத்தான். கல்லால் கட்டிய சிறு கோயில்கள் சிலவற்றின் பக்கம் பெண்கள் போகக் கூடாது என்றும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் விருந்தாளியாகப் போகும்போது அதை மீற வேண்டாம் என்பேன். அபானோ பாதையில் அந்த வழியிலேயே ஓடிப் பழகிய உள்ளூர் ஓட்டுநரின் நான்கு சக்கர இயக்க வண்டியில் மட்டும் ஏறச் சொல்லுங்கள். மழை என்றால் ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். இன்னொன்று: ஓமாலோ என்ற பெயரில் பான்கிசியில் ஓர் ஊர், துஷேத்தியில் ஓர் ஊர். அறை பதிவு செய்யும்போது எந்த ஓமாலோ என்று கேட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்.