கவுண்டித் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: பதினெட்டு வருஷமாக டெக்சாஸில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கியாகிவிட்டது. கணக்குத் தணிக்கைதான் தொழில். சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறது, பணம் எங்கே போகிறதென்று கேட்டால் யாரிடமும் சரியான பதில் இல்லை. நிதிப் பொறுப்பு, வெளிப்படைத்தன்மை இரண்டையும் முன்வைத்து கவுண்டியில், அதாவது இங்கத்திய மாவட்ட நிர்வாகத்தில், கமிஷனர் பதவிக்கு நிற்கலாமா? மனைவி வேண்டாத வேலை என்கிறாள்.

பதில்: நில்லுங்கள். கணக்குத் தெரிந்தவர் அந்த மேஜையில் உட்காருவது ஊருக்கு நல்லது. ஆனால் ‘வெளிப்படைத்தன்மை’ என்று எழுதி வாசலில் பலகை நட்டால் போதாது, எதிர்த்து நிற்பவரும் அதையேதான் எழுதுவார். உங்கள் கவுண்டிக் கணக்கிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, ஆதாரத்தோடு, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடிகிறதா பாருங்கள்.

முதலில் உங்கள் வரி ரசீதையே எடுங்கள். பெரிய பங்கு பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பான ‘பள்ளி மாவட்டத்துக்கு’ப் போயிருக்கும், கவுண்டியின் பங்கு அதைவிடக் குறைவு, வீட்டுக்கு மதிப்புப் போடுவதோ வேறொரு அமைப்பு. அதனால் ‘நான் வந்தால் வரி பாதியாகும்’ என்று வாய்விட்டுவிடாதீர்கள். பட்ஜெட் போடுவது கவுண்டி ஜட்ஜும் (பெயர்தான் ஜட்ஜ், கூட்டத்துக்குத் தலைவர் அவர்) நான்கு கமிஷனர்களும் சேர்ந்த ஐந்து பேர். மூன்று ஓட்டு இல்லாமல் எதுவும் நகராது. கவுண்டிப் போலீஸின் தலைவரான ஷெரிஃப் தனியாகத் தேர்தலில் ஜெயித்து வருபவர், அவருக்கு நீங்கள் உத்தரவு போட முடியாது, அவர் துறைக்கு எவ்வளவு பணம் என்பதில்தான் உங்களுக்குப் பேச்சு.

அப்புறம் இந்த ஐந்து பேர் கூடும் கூட்டங்களுக்குப் போங்கள். பெரும்பாலும் வேலை நாளில் காலையில் நடக்கும், பார்க்க ஆளே வந்திருக்காது. அங்கே ‘கன்சென்ட் அஜெண்டா’ என்று ஒன்று வரும். ஒரு பெரிய பட்டியல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஓட்டில் நிறைவேற்றிவிடுவார்கள். விவாதம் இல்லாமல் பணம் போகிற வழி அது. கட்ட வேண்டிய பில்களின் பட்டியலை மாதாமாதம் வாங்கி, டெண்டர் விட வேண்டிய வரம்புக்குக் கொஞ்சம் கீழேயே ஒரே நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்பப் பணம் போயிருக்கிறதா, ஒரே வேலையைத் துண்டு துண்டாக உடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் எழுத்தில் கேளுங்கள். தகவல் தர விருப்பமில்லை என்றால் பொதுவாக அவர்கள் 10 வேலை நாளுக்குள் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் போய் அனுமதி கேட்க வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் ஒரு எண் வித்தியாசமாக இருப்பதாலேயே யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். நியாயமான காரணம் இருக்கலாம், முதலில் கவுண்டி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சரி, உண்மையைச் சொன்னால் ஜெயித்துவிடலாமா? கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 1994-ல் பொருளாளராக இருந்த ராபர்ட் சிட்ரன், பொதுப் பணத்தை வைத்து மேலும் கடன் வாங்கி, வட்டி விகிதம் ஏறாது என்ற நம்பிக்கையில் முதலீடு செய்திருந்தார். ஜான் மூர்லாக் என்ற கணக்காளர் இது ஆபத்து என்று சொல்லியே அவரை எதிர்த்து நின்றார். தோற்றுப்போனார். அந்த வருஷம் வட்டி ஏறிக்கொண்டே போக, சுமார் 160 கோடி டாலர் நஷ்டத்தோடு டிசம்பரில் கவுண்டி திவாலானது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களுடையதும் இருந்தது. அடுத்த வருஷம் மூர்லாக்கையே அந்தப் பதவிக்கு நியமித்தார்கள். லாபம் வந்துகொண்டிருக்கும்போது ஆபத்தைப் பற்றிப் பேசினால் யாருக்கும் காதில் ஏறாது. அதனால்தான் சொல்கிறேன், முதலீட்டு விகிதங்களைப் பேசாதீர்கள், எந்தப் பள்ளியின், எந்தச் சாலையின் பணம் என்று பேசுங்கள். தோற்றாலும் அந்தக் கேள்வி ஊரில் நிற்கும், அதற்காகவாவது நிற்கலாம்.

மனைவி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். கட்சி வழியாக நின்றால் மார்ச் மாதமே உள்கட்சித் தேர்தல், அதற்கு முந்தைய டிசம்பருக்குள் மனு. 2 லட்சம் பேருக்கு மேல் உள்ள கவுண்டியில் மனுக் கட்டணம் 1,250 டாலர், அது சின்னச் செலவுதான். மாலைகளும் சனி ஞாயிறுகளும் வீட்டை விட்டுப் போகும், அவரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். பிரச்சாரத்துக்கு ஒரு பொருளாளரை நியமித்து எழுதிக் கொடுக்காமல் ஒரு டாலர்கூட வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. நன்கொடைக் கணக்கைச் சட்டம் கேட்கிற தேதி வரை வைத்திருக்காமல் மாதாமாதம் நீங்களே வெளியிடுங்கள்.