கேள்வி – பதில்: கம்பும் காலடியும்

என் மகளுக்கு 9 வயது. சிலம்பம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் காலடி மட்டும்தான் போட வைக்கிறார்கள். கம்பைத் தொடவே விடவில்லையே?
– வாசகி, தஞ்சாவூர்

நல்ல ஆசானிடம்தான் விட்டிருக்கிறீர்கள். கம்பு முதுகுப்பக்கம் வரும் நேரத்தில் கால் மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் இடுப்பு திரும்பாது, தோள் பூட்டிக்கொள்ளும், மிச்சச் சுற்றைக் கை மட்டும் இழுக்கும். கம்பு சொந்தக் கெண்டைக்காலிலேயே விழும்.

வீட்டில் மண்தரையில் வெறுங்காலோடு பழகட்டும். முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும். குதிகாலில் பாரம் ஏற்றாமல் முன்பாதத்தில் திரும்ப வேண்டும். பழகி முடித்ததும் மண்ணைப் பாருங்கள். தடம் வட்டமாக இருந்தால் சரியாகத் திரும்பியிருக்கிறாள். நீளமாகக் கோடு விழுந்திருந்தால் காலை இழுக்கிறாள். அது போகும்வரை கம்பு வேண்டாம்.

கம்பு எவ்வளவு நீளம், என்ன பருமன் இருக்கணும்? மூங்கில் நல்லதா, பிரம்பா?
– வாசகர், திண்டுக்கல்

வெறுங்காலில் நின்று ஊன்றினால் நுனி புருவத்துக்கோ நெற்றிக்கோ வர வேண்டும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஐந்தரை அடி. கட்டைவிரலும் நடுவிரலும் சுற்றிப் பிடித்தால் தொட்டுக்கொள்ளும் பருமன் போதும். அதற்கு மேல் தடித்தால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இறுக்கினால் மணிக்கட்டு சுழலாது, சீக்கிரமே வலி வந்துவிடும்.

பழகுகிறவர்களுக்குப் பிரம்பையே சொல்வேன். மூங்கில் பிளந்தால் சிம்பு கத்தியாகக் கிழிக்கும். பிரம்பு நார்நாராகப் பிரியும், அவ்வளவுதான். வளைந்த பிரம்பைத் தணலில் காட்டி, சூடு இருக்கும்போதே முழங்காலில் கொடுத்து நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருங்கள். பாதிச் சூட்டில் விட்டால் பழைய வளைவுக்கே போய்விடும்.

மூங்கில்தான் கிடைக்கிறதென்றால் உள்ளே கெட்டியாக, கணு நெருங்கியதாகப் பாருங்கள். கணுவைச் செதுக்கி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால் உள்ளங்கை தோலுரியும். துணியில் எண்ணெய் தொட்டுத் தடவி, நிழலில் படுக்க வையுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும், சுவரில் சாய்த்தால் வளையும்.

எடுக்கும்போதெல்லாம் தரையில் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். நல்ல கம்பு கணீரென்று பேசும். 'சொத்' என்றால் உள்ளே விரிசல், அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். சிலம்பு என்றாலே ஒலிதானே!

போட்டியில் வென்றால் அரசு வேலைக்கு உதவுமா?
– வாசகர், விருதுநகர்

தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. ஆனால் எந்தக் கோப்பையும் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். நடத்தும் அமைப்பு தரும் சான்றிதழ் அரசு விதிக்குப் பொருந்துமா என்பதை நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடுமுறைப் போட்டியில் என் தம்பிதான் வேகமாகவும் பலமாகவும் அடித்தான். ஆனாலும் தோற்றுவிட்டான். நடுவர் தவறா?
– வாசகர், மதுரை

நடுவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. தொடுமுறை என்ற பேரிலேயே பதில் இருக்கிறது. நுனியால் சுத்தமாகத் தொட்டு விலகுகிறவருக்குத்தான் புள்ளி. கம்பு நுனியில் சாம்பலோ சுண்ணாம்போ தடவிவிட்டு, உடம்பில் விழுந்த தடத்தை எண்ணும் வழக்கமும் உண்டு. அந்தக் கணக்கில் பலத்துக்கு என்ன வேலை?

ஓங்கினால் இரண்டு கையும் தலைக்கு மேல் போகும், விலா திறந்து கிடக்கும். எதிராளி அரையடி முன்வைத்து நுனியை நீட்டினால் போதும். அடி வீணாகிவிட்டால் கம்பின் வேகம் ஆளையே இழுத்துத் திருப்பிவிடும். அடுத்த புள்ளி முதுகில். எந்த இடத்துக்கு எத்தனை புள்ளி, எங்கே தொடக் கூடாது, கம்பு கைநழுவினால் என்ன என்பதெல்லாம் அமைப்புக்கு அமைப்பு மாறும். களத்தில் இறங்கும் முன் கேட்டுவிட வேண்டும்.

தம்பிக்கு ஒரு பயிற்சி: மார்பு உயரத்தில் கயிற்றில் ஒரு துணிப்பந்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். பந்து ஒரு சாணுக்கு மேல் ஆடாதபடி நுனியால் தொட்டு, உடனே கம்பை இழுத்துக் காவலுக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்துக்கு 50 தடவை. பந்து பறந்தால் அது கணக்கில் இல்லை.