எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு ஆயுர்வேதத்துக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. தைராய்டு குறைவுக்கு 6 வருடங்களாகத் தைராக்சினும், சர்க்கரைக்கு 4 வருடங்களாக மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். இவை தவிர நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், தூக்கமின்மை, முழங்கால் வலி, பாதத்தில் மதமதப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பதில்லை. ‘ஆயுர்வேதம்தான் உடம்பு மொத்தத்தையும் பார்க்கும், பக்கவிளைவே கிடையாது, ஒரு மண்டலத்தில் சர்க்கரை ஓடிவிடும்’ என்று சொல்லி உறவினர் ஒருவர் சூரணம் வாங்கிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டு 3 வாரம் ஆகிறது. தூக்கத்துக்காக அஸ்வகந்தா மாத்திரையும் 2 மாதமாக எடுக்கிறேன். சமீபமாகப் படபடப்பு வருகிறது. ஆங்கில மருந்துகளை முழுவதும் நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தைராக்சினையும் மெட்ஃபார்மினையும் நிறுத்தாதீர்கள். இப்போதைக்கு நிறுத்த வேண்டியவை அஸ்வகந்தாவும் அந்தச் சூரணமும்தான். நான் ஆயுர்வேதம் படித்து, அதையே தொழிலாகச் செய்பவன். அதனால்தான் இதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது.

உங்கள் படபடப்புக்கு இரண்டு பேர் மீது எனக்குச் சந்தேகம். முதல் ஆள் அஸ்வகந்தா. நல்ல மூலிகை, நானும் எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் அது தைராய்டு ஹார்மோன் அளவைக் கூட்டக்கூடியது. ஏற்கெனவே அந்த ஹார்மோனை மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருப்பவர் இதையும் சேர்த்து எடுத்தால் அளவு எகிறலாம். அப்போது வருவதே படபடப்பும் தூக்கம் கெடுவதும்தான். தூக்கத்துக்காக எடுத்த மருந்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம்! கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆக, ‘பக்கவிளைவே கிடையாது’ என்ற பேச்சை விட்டுவிடுவோம். உடம்பில் ஒரு வேலை செய்யும் பொருள், வேண்டாத வேலையையும் செய்யக்கூடும். இலையோ வேரோ அதற்கு விதிவிலக்கில்லை.

இரண்டாவது ஆள் அந்தச் சூரணம். அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக உங்களுக்கும் தெரியாது. சர்க்கரைக்கென்று விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளில், கிளிபென்கிளமைடு போன்ற அலோபதி சர்க்கரை மாத்திரையையே அரைத்துக் கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அப்படியிருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்வை, கைநடுக்கம், படபடப்பு எல்லாம் வரும். அடுத்த முறை படபடக்கும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும் சரி, இந்த வாரமே டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் ஆதங்கத்துக்கு வருகிறேன். அது நூற்றுக்கு நூறு நியாயமானது.

என்னிடம் முதல்முறை வருபவர்களிடம், வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். மேசையில் கொட்டி ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் பார்ப்போம். ஒருவர் பையில் நெஞ்செரிச்சலுக்கான பேன்டோப்ரசோல் இரண்டு அட்டை இருந்தது. கம்பெனி வேறு, பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. இரண்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள், அவரும் பல மாதங்களாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை யாருமே படிக்கவில்லை. நாடி பிடிப்பதற்கு முன்னால் நான் செய்யும் முழுமையான வைத்தியம் இந்தப் பையைக் கொட்டுவதுதான்.

உங்கள் பையைக் கற்பனையில் கொட்டிப் பார்க்கிறேன். நெஞ்செரிச்சலுக்கு நீங்களும் இதே வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால், அது தைராக்சின் உடம்பில் சேர்வதைக் குறைக்கலாம். தைராக்சின் சரியாகச் சேராவிட்டால் மலச்சிக்கல், மூட்டு வலி, அசதி எல்லாம் கூடும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையக்கூடும். அமிலத்தைக் குறைக்கும் அந்த நெஞ்செரிச்சல் மாத்திரையும் அதே பி12-ஐக் குறைக்கலாம். பாதத்தில் மதமதப்பு என்றதும் ‘சர்க்கரையால் நரம்பு போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பி12 குறைவாலும் அப்படியே வரும், அதைச் சரிசெய்வதும் எளிது. அப்புறம், 47 வயது. மாதவிடாய் நிற்கப்போகும் காலம். இரவில் உடம்பு திடீரென்று சூடாகி, வியர்த்து விழிப்பு வருகிறதா? அதை யாராவது கேட்டார்களா?

தனித்தனி நோய்களாகத் தெரிந்தவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்பது தெரிகிறதா? ஒரு பக்கம் அஸ்வகந்தா ஹார்மோனைக் கூட்டுகிறது, இன்னொரு பக்கம் அமில மாத்திரை குறைக்கிறது. எது வென்றது என்று நாடியை வைத்து என்னால் சொல்ல முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். டிஎஸ்எச்சோடு பி12, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அஸ்வகந்தாவை நிறுத்தி 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச்சை இன்னொரு முறை பாருங்கள். நிலைபெற்ற அளவு அப்போதுதான் தெரியும்.

உடம்பு மொத்தத்தையும் பார்ப்பது என்றால் ஆயுர்வேதத்தில் என்ன பொருள்? யார் ஆரோக்கியமானவர் என்பதற்கு, ஆயுர்வேதத்தின் பழைய ஆசிரியர்களில் ஒருவரான சுஸ்ருதர் ஓர் இலக்கணம் சொல்கிறார். வாதம், பித்தம், கபம் சமமாக இருக்க வேண்டும். பசித்தீ சமமாக இருக்க வேண்டும். ரத்தம், தசை போன்ற தாதுக்களும் கழிவுகள் வெளியேறுவதும் முறையாக இருக்க வேண்டும். அதோடு நிறுத்தவில்லை. ஆன்மாவும் புலன்களும் மனமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று முடிக்கிறார். ஒரு மருந்தின் பெயர்கூட அதில் இல்லை. மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு சூரணத்தை வைப்பது ஆயுர்வேதம் ஆகிவிடாது. நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள், எப்போது படுக்கிறீர்கள், எதை அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காமல் கொடுக்கும் கஷாயம், நீங்கள் குறைப்படும் அதே துண்டு துண்டான வைத்தியம்தான். நிறம் மட்டும் பச்சை.

சர்க்கரை விஷயத்தில் சுஸ்ருதர் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையே அங்கே இருக்கிறது. இந்த நோயை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று பிறவியோடு வருவது, அந்த நோயாளி பெரும்பாலும் மெலிந்திருப்பார். மற்றது தவறான உணவு, உடலுழைப்பின்மையால் வருவது, அவர் பருத்திருப்பார். இன்றைய முதல் வகை, இரண்டாம் வகைப் பிரிவுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். இரண்டாமவருக்கு அவர் தரும் சிகிச்சை இன்னும் சுவையானது. காலில் செருப்பில்லாமல், கையில் குடையில்லாமல், ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல் நூறு யோசனை (யோசனை என்பது பழைய தூர அளவு) நடக்கச் சொல்கிறார். அல்லது கிணறு வெட்டட்டும் என்கிறார். (செருப்பில்லாத நடை உங்களுக்கு வேண்டாம். மதமதத்த பாதத்தில் முள் குத்தினால் தெரியாது.) பருத்தவருக்கு இவ்வளவு கடுமையாகச் சொன்னவர், மெலிந்தவரைப் பற்றி ‘அவரை எப்போதும் காக்க வேண்டும்’ என்கிறார். இன்சுலின் முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது 1922-இல். அதற்கு முன் அந்த மெலிந்த நோயாளியைக் காக்க உலகில் எந்த வைத்தியத்திடமும் வழி இருக்கவில்லை. ஆளுக்கு ஆள் சிகிச்சை மாறும், நடையால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்று பிரித்துப் பார்த்தவர் அவர். ஒரு மண்டலத்தில் எல்லோருக்கும் சர்க்கரை ஓடிவிடும் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி விளம்பரம் செய்வது இந்தியாவில் சட்டப்படியே குற்றம். மருந்துகள், மந்திர வைத்தியங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரத்துக்குத் தடை விதித்திருக்கும் நோய்களில் சர்க்கரையும் ஒன்று.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் தின்றது செரிப்பதற்குள் அதன்மேல் இன்னொன்றைத் தின்பதற்கு ஆயுர்வேதத்தில் ‘அத்யசனம்’ என்று பெயர். மாலையில் கொறித்து, பசியே இல்லாமல் ராத்திரி பத்து மணிக்குத் தட்டில் உட்கார்ந்து, பத்தரைக்குப் படுப்பது அச்சு அசல் அதுதான். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்னதாகச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அளவுக்கு, இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான வாக்படர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வயிற்றில் பாதி திட உணவு, கால் பங்கு நீர், மீதிக் கால் பங்கு வெறும் இடம். அந்த வெறும் இடத்தை மட்டும் ஒரு மாதம் காப்பாற்றிப் பாருங்கள். நெஞ்செரிச்சல் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்த பிறகு, அந்த மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும்.

தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மட்டும் சாப்பிடுங்கள். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

நடை எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். பலத்தில் பாதி வரைக்கும் என்பது பழைய கணக்கு. பாதி வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், மூச்சு வாய் வழியாக வரத் தொடங்குவது. இன்றைக்கு ‘நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது’ என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். முழங்கால் வலி இருப்பதால் சமதளத்தில் நடங்கள், உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் என்றாலும் போதும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடைத் தசை பலமானால் முழங்காலுக்குச் சுமை குறையும்.

தலை, காது, பாதம் மூன்றுக்கும் எண்ணெயைத் தவறவிடாதே என்பார் வாக்படர். உங்களுக்கு நான் பாதத்தைச் சொல்வேன். படுக்கும் முன் நல்லெண்ணெயை உள்ளங்கையில் எடுத்து, குதிகாலிலிருந்து விரல் வரை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். தேய்க்கும் விரலே பாதத்தைப் பரிசோதிக்கும் விரல். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, எங்காவது சூடு என்று தினமும் கைக்குத் தெரிந்துவிடும். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். எண்ணெயைச் சூடு பண்ணினால் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். மதமதத்த பாதத்துக்குச் சூடு தெரியாது, பொத்துவிடும்.

மலச்சிக்கலுக்கு என்ன மருந்து என்பதற்கு முன், எத்தனை நாள் வேலை அவசரத்தில் அடக்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்பேன். மலம், சிறுநீர், தூக்கம், பசி, கண்ணீர் உட்பட அடக்கக் கூடாத வேகங்கள் (உடம்பின் இயற்கை உந்துதல்கள்) பதின்மூன்று என்கிறார் இன்னொரு பழைய ஆசிரியரான சரகர். கண்ணீரும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு டாக்டராக அலைந்துவிட்டு இவ்வளவு பொறுமையாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அழ வேண்டும் போலிருந்தால் அழுதுவிடுங்கள் அம்மா.

இவற்றுக்கு மேல் ஆயுர்வேத மருந்து வேண்டுமென்றால் தாராளமாக எடுக்கலாம். ஆயுர்வேதப் பட்டம் பெற்று முறைப்படி பதிவு செய்த மருத்துவராகப் பாருங்கள், அதே பையைக் கொண்டுபோங்கள். உரிம எண், தொகுதி எண், உட்பொருள், காலாவதித் தேதி லேபிளில் இல்லாத எதையும் வாங்காதீர்கள். பஸ்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்தவற்றைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடவே வேண்டாம். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் வாங்கிய 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். சுமார் ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. என் துறையைப் பற்றிய இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லேகியத்தில் வெல்லமோ சர்க்கரையோ நிறைய இருக்கும், அரிஷ்டத்தில் இனிப்போடு நொதித்து வரும் ஆல்கஹாலும் இருக்கும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும்.

அந்தச் சூரணத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டப்பாவோடு எடுத்து வைத்திருங்கள், பரிசோதிக்கும் டாக்டர் பார்க்க வேண்டியிருக்கலாம். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர் நிறத்தில் போனாலோ அன்றைக்கே காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்றால் அதை நெஞ்செரிச்சல் கணக்கில் சேர்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு எரிச்சலாகவும் மூச்சுத்திணறலாகவும்கூட வரலாம்.