வாசகர் கேள்வி: காபி ஆறுவதற்குள்

கேள்வி: எனக்கு வயது 74. பணி ஓய்வுக்குப் பின், நண்பர்கள் ஐந்து பேர் தினமும் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குச் சென்று, திரும்பும் வழியில் ஒரே கடையில் காபி குடிப்போம். ஒன்றரை ஆண்டுக்குள் மூவர் மறைந்துவிட்டனர். எஞ்சிய நண்பர் முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கிறார். நானும் நடக்கப் போவதை நிறுத்திவிட்டேன். ‘இருக்கிற நாளை ரசித்து வாழுங்கள்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் காபித் தம்ளரைக் கையில் எடுத்தாலே, ‘இது இன்னும் எத்தனை நாளைக்கோ’ என்ற எண்ணம் வந்து சுவையைக் கெடுத்துவிடுகிறது. அந்த எண்ணத்தை விரட்ட வழி உண்டா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, அந்த எண்ணத்தை விரட்ட முயல வேண்டாம் என்றே தங்களைக் கேட்டுக்கொள்வேன். மூன்று நண்பர்களை அடுத்தடுத்து வழியனுப்பியவருக்கு அது வராமல் இருந்தால்தான் வியப்பு. அது வந்தவுடன் கையிலிருக்கும் தம்ளரை மறந்துவிட்டு, இன்னும் வராத ஒரு நாளைத் தாங்கள் எண்ணத் தொடங்கிவிடுகிறீர்கள். காபி ஆறிப்போவது அந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் இதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருபவர். காலம் குறுகியது என்று உணர்பவர்கள், புதிய அறிமுகங்களைத் தேடுவதை விட்டு, மனத்துக்கு நெருக்கமானவர்களையும் இப்போதே கிடைக்கும் நிறைவையும் நாடுகிறார்கள் என்பது அவருடைய கோட்பாடு. அவரும் உடன் ஆய்வாளர்களும் ஹாங்காங்கில் கண்டது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. 1997 ஜூலை 1 அன்று பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறவிருந்த அந்நகரில், ஓராண்டுக்கு முன்பு கேட்டபோது, முதியவர்களே நெருங்கியவர்களோடு பொழுதைக் கழிக்க விரும்பினார்கள். நாள் நெருங்கி இரண்டு மாதமே இருந்தபோது இளைஞர்களும் அதையே விரும்பினார்கள். கைமாற்றம் முடிந்து ஓராண்டு கழிந்ததும் இளைஞர்களிடம் அந்த விருப்பம் மறைந்துவிட்டது. ஒன்று முடியப்போகிறது என்று தெரிந்தால், எந்த வயதிலும் மனம் வேண்டாததை உதறி வேண்டியதைத் தேடிப் போகிறது. தங்கள் மனமும் அப்படித் தேடத் தொடங்கியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். (இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இருந்தால், அது வேறு, தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

புறநானூற்றின் 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் இரண்டு வீடுகளைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மண முழவு முழங்குகிறது. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்றே கோபித்துவிட்டு, ‘இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே’ என்று முடிக்கிறார். ‘இனிய’ என்பதற்கு மோட்ச இன்பம் தரும் நற்செயல்கள் என்று உரை சொல்வதும் உண்டு. எனக்கு அந்தச் சொல், பறையொலி காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே இனியவற்றைக் காணச் சொல்வதாகவே கேட்கிறது. பறை ஓயும்வரை காத்திருக்கும்படி அவர் சொல்லவில்லை.

‘எத்தனை நாளைக்கோ’ என்பதற்குள் வேறு கவலைகளும் ஒளிந்திருக்கலாம். வீடு யாருக்கு, வங்கிக் கணக்குகள் எங்கே, தமக்குப் பின் மனைவி எப்படி என்பவை எழுதித் தீர்க்கக் கூடியவை. உயில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. ஒரு மாலையில் முடித்துவிடுங்கள்.

ரசிப்பதற்குப் புலன்கள் ஒத்துழைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கிறது. புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் வானத்தின் நீலத்தைக் கண்டு வியப்பவர்கள் உண்டு. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 82 வயதில், 1923இல், அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு, அதன் பின்னும் தம் அல்லிக் குளத்து ஓவியங்களில் உழைத்தார். ‘இந்த வயதில் எதற்கு’ என்று கண்ணையும் காதையும் கைவிடாதீர்கள்.

என் தாயார் கடைசி ஆண்டில் படுக்கையை விட்டு அதிகம் எழவில்லை. விரல்கள் மடங்காதபோதும் மாலையில் ஒரு பிடி மல்லிகை மொட்டைத் தம்மிடம் கொடுக்கச் சொல்வார். ஒரு சாண் தொடுக்க அரைமணி நேரமாகும். தொடுத்ததை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு, ‘நேற்றைப் பூவைவிட இன்றைக்கு வாசம் கூடுதல், பார்’ என்று அவள் தலையில் வைத்துவிடுவார். தம் முடிவு அவருக்குத் தெரியும். எங்களிடம் அதைப் பற்றிப் பேசியும் இருந்தார். அவரிடம் நான் கற்றது அந்தக் கடைசிச் செயலைத்தான். தாம் முகர்ந்ததை அவர் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. உடனே இன்னொருவருக்குக் கொடுத்தார். தங்கள் ஐவரின் காபியிலும் பாதிச் சுவை அப்படி வந்ததுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் தனியே குடிக்கும்போது அது கசக்கிறது.

நண்பருக்கு முழங்கால் வலி, தங்களுக்கு இல்லை. நாளைக் காலை அதே கடையில் இரண்டு காபியை ஃபிளாஸ்கில் வாங்கிக்கொண்டு, அவர் வீட்டுத் திண்ணைக்கு நடந்து செல்லுங்கள். மறைந்த மூவரைப் பற்றி அவரும் பேச ஆளில்லாமல் இருக்கக்கூடும்.