ரோஸ் கறை இருக்கட்டும், அம்மாவுக்கு வந்த நடுக்கம் என்ன ஆயிற்று?

கேள்வி: பெரம்பூரில் வாடகை வீடு. பெரும்பாலும் டேங்கர் லாரித் தண்ணீர்தான். பாத்ரூம் ஓரத்திலும் வாளிக்கு அடியிலும் ரோஸ் கலரில் வழவழவென்று படிகிறது. தேய்த்துக் கழுவினாலும் நாலு நாளில் திரும்ப வருகிறது. அது ‘செரேஷியா’ என்ற உயிர்க்கொல்லிக் கிருமி என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. எனக்கு முடி கொட்டுகிறது, மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி. பல் பிடுங்கியபோது தந்த வீக்க மாத்திரையின் அட்டையிலும் ‘செரேஷியோ’ என்று இருக்கிறது. பயந்து நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு 2 மாதமாகக் கழுத்தில் டியூப் வைத்து வாரம் 3 நாள் டயாலிசிஸ். போன வாரம் மெஷினில் இருக்கும்போதே குளிரில் தூக்கித் தூக்கிப் போட்டதாம். வீட்டுக்கு வந்ததும் பாராசிட்டமாலும், மகனுக்கு வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலினும் கொடுத்தேன், அடங்கிவிட்டது. தண்ணீர்தான் காரணமா டாக்டர்?

பதில்: முதல் வரியில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கான பதிலை உங்களுக்கு அன்றைக்கே தனியாக அனுப்பிவிட்டேன். கழுத்தில் டியூபோடு ஆள் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் டியூப் இருப்பவருக்குக் குளிர் நடுக்கம் வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது டியூபில் ஏறிய தொற்று என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். டியூபின் உட்சுவரில் கிருமிகள் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டி அதற்குள் பதுங்கிக்கொள்ளும். மெஷின் ரத்தத்தை வேகமாக இழுத்துத் தள்ளும்போது அவை பிய்ந்து நேரே இதயத்துக்குப் போகின்றன. மெஷினில் போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் நடுக்கம் எடுப்பதும், இறக்கியபின் அடங்குவதும் இதனால்தான். நடுக்கம் அடங்கினாலும் கிருமி டியூபில் அப்படியேதான் இருக்கும். விட்டுவைத்தால் இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்காரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சமயத்தில் காய்ச்சலே ஏறாது என்பதால் தெர்மாமீட்டரைப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடக் கூடாது.

நடுக்கம் வந்தால் அன்றே, மெஷினில் இருக்கும்போதே, டயாலிசிஸ் யூனிட் டாக்டரைக் கூப்பிட வேண்டும். வீட்டில் ராத்திரி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஸ்டான்லி மாதிரி 24 மணி நேர அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி போடுமுன் ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மடியும் என்பதைச் சொல்லப்போவது அந்த ரத்தம் ஒன்றுதான். இப்படிப்பட்ட டியூபில் அதிகம் ஏறுவது நம் தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ். செரேஷியாவும் ஏறும்.

எனக்குக் கோபம் வந்தது அமாக்சிசிலின் விஷயத்தில். மீந்த மாத்திரை கிருமியை முழுதாகக் கொல்லாது, கல்ச்சரில் மட்டும் அதை மறைத்துவிடும். நீங்கள் பயப்படுகிற செரேஷியாவாகவே இருந்தாலும், அந்த மருந்தை உடைக்கும் நொதி அதற்குப் பிறவியிலேயே உண்டு. கடைசி ஆயுதமாக நாங்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின்கூட அதனிடம் பலிக்காது. சரி, மகனுக்கு எழுதித் தந்த மாத்திரை ஏன் மீந்தது? அதையும் அவன் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி அந்த ரோஸ் கறை. செரேஷியாவாக இருக்கலாம், வேறு பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ ஆகவும் இருக்கலாம். சோப்பு, ஷாம்பு மிச்சத்தைத் தின்று ஈரத்தில் வளரும். 1819-ல் இத்தாலியில் பதுவா பக்கம் சோளக் களி ரத்தமாகச் சிவந்து ஊரே அரண்டபோது, பிஸியோ என்பவர்தான் அது ஓர் உயிரின் வேலை என்று காட்டிப் பெயரும் வைத்தார். அந்தச் சிவப்பு நிறமி அறை வெப்பத்தில் சுரக்கும், நம் உடம்பின் 37 டிகிரியில் பெரும்பாலும் சுரக்காது. ஆஸ்பத்திரித் தொற்றுகளில் நாங்கள் பார்க்கிற செரேஷியாவுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. அம்மாவின் டியூபில் அது இருந்தாலும் உங்கள் கண்ணில் படப்போவதில்லை.

தீங்கில்லாதது என்று நம்பி, 1950-ல் அமெரிக்கக் கடற்படை இதைச் சான் பிரான்சிஸ்கோ மேல் தெளித்துப் பார்த்தது. அந்தச் சமயத்தில் அங்கே ஒரு மருத்துவமனையில் 11 பேருக்கு இந்தத் தொற்று வந்தது, ஒருவர் இறந்தார். தெளித்ததுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் இறந்தவர் யார் என்று பாருங்கள்: புரோஸ்டேட் அறுவை முடிந்து படுத்திருந்தவர், கிருமி இதய வால்வில் ஏறிவிட்டது. உள்ளே போக வழி கிடைத்தால்தான் இது நோயாகும். உங்களுக்கும் மகனுக்கும் அந்த வழி இல்லை, அம்மாவுக்குக் கழுத்தில் இருக்கிறது.

ஆகவே பாத்ரூமைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துக் காயவிடுங்கள். ஆசிட்டோடு மட்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அம்மாவுக்குத் தலையோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம், உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். கட்டு நனைந்தால் அன்றே யூனிட்டில் மாற்ற வேண்டும். டியூபின் மூடியை வீட்டில் யாரும் தொடக் கூடாது. கையில் ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய்களை இணைத்து டயாலிசிஸுக்கு உண்டாக்கும் வழி) எப்போது போடுவார்கள் என்று கேளுங்கள். அது பழுத்துப் பயன்பாட்டுக்கு வரச் சில வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும். அது தயாரானால்தான் இந்த டியூபுக்கு விடுதலை.

முடி கொட்டுவதற்கும் வயிற்றுவலிக்கும் இந்தக் கறைக்கும் சம்பந்தமில்லை.

மாத்திரையில் இருப்பது செரேஷியோபெப்டிடேஸ். பட்டுப்புழுவின் குடலில் கிடைத்த செரேஷியா சுரக்கும் நொதி அது. பிரித்தெடுத்த புரதம்தான், கிருமி அதில் இல்லை. இதே பாக்டீரியாவின் இன்னொரு நொதியைத் தடுப்பூசித் தயாரிப்பில் மிஞ்சும் டி.என்.ஏ.வை வெட்டக்கூடப் பயன்படுத்துகிறார்கள். வீக்க மாத்திரையை நிறுத்தியதால் உங்களுக்கு நஷ்டமில்லை. பலன் நிரூபணமாகவில்லை என்று ஜப்பானில் 2011-ல் தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. என் கவலை அதே மாத்திரையில் பெரும்பாலும் கூடவே இருக்கும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து பற்றியது. மூட்டுவலி என்று அம்மா கேட்டாலும் அதைத் தராதீர்கள். மிச்சமிருக்கும் சிறுநீரகத் துளியையும் அது கெடுக்கும்.

யூனிட்டுக்குப் போகும்போது அந்த அமாக்சிசிலின் அட்டையையும் எடுத்துப் போய், எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். கல்ச்சர் முடிவைப் படிக்க அவர்களுக்கு அது தேவைப்படும்.